சுக்கானும் சிக்கனமும்: கப்பற்படைப் பொறியியலில் கட்டுப்பாட்டு முறைகளின் செலவும் பயனும்

முன்னுரை

கடலோடு பழகிய மொழி தமிழ்மொழி. கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில் எனக் கடலூர்திகளுக்குப் பல பெயர்களை வழங்கிய நம் முன்னோர், கடல்வழியே வந்த சொற்களையும் மனமுவந்து ஏற்றுக்கொண்டனர். கப்பலைத் திருப்பும் உறுப்புக்கு நாம் வழங்கும் 'சுக்கான்' என்பது அரபு மொழிச் சொல்லாகும். கப்பல் செலுத்துவோரைக் குறிக்கும் 'மாலுமி' என்பதும், கற்பிப்பவர் என்னும் பொருளுடைய 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே. ஐரோப்பிய மொழிகளில் படைக்கலச் சாலையைக் குறிக்கும் 'ஆர்சனல்' என்னும் சொல்லும், தொழில் நடைபெறும் இல்லம் என்று பொருள்படும் 'தாருஸ் ஸினாஆ' என்னும் அரபுத் தொடரிலிருந்து பிறந்ததேயாகும். வெனிஸ் நகரத்தின் புகழ்பெற்ற கப்பல் கட்டும் களம் இப்பெயரையே தாங்கி நின்றது.

சொல்லாராய்ச்சி ஈண்டு நம் நோக்கமன்று. எனினும் ஓர் உண்மையை இச்சொற்கள் நமக்கு உணர்த்துகின்றன. கட்டுப்பாடு என்னும் கலை கடலிலேதான் முதன்முதல் செழித்தது. 1948ஆம் ஆண்டு நார்பர்ட் வீனர் என்னும் கணித அறிஞர், உயிர்களிலும் பொறிகளிலும் நிகழும் கட்டுப்பாட்டை ஆராயும் புதிய துறைக்குச் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். அப்பெயரின் மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்பதே பொருள். எனவே, கட்டுப்பாட்டு முறைகளின் செலவையும் பயனையும் அளந்தறிய விரும்புவோர் கப்பற்படைப் பொறியியலை நோக்குதல் மிகவும் பொருத்தமுடையது. அவ்வகையில் கடந்த இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்த சில முயற்சிகளை எடுத்துக்கொண்டு, எது சிக்கனம் தந்தது, எது தரவில்லை, ஏன் தரவில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூவகைக் கட்டுப்பாடு

ஒரு செயல் எவ்வாறு நடைபெற வேண்டும் என்று முன்னரே வரையறுத்து, அது நடைபெறும்போது அளந்து பார்த்து, வரையறையிலிருந்து விலகினால் திருத்துவது கட்டுப்பாடு ஆகும். வரையறுத்தல், அளத்தல், திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கட்டுப்பாட்டு முறை.

கப்பற்படைத் திட்டங்களில் இஃது மூன்று இடங்களில் அமைகின்றது. கப்பலுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் தொழிலகத்தில் அமைவது ஒன்று. கப்பல் கட்டும் பணியின் காலத்தையும் செலவையும் கண்காணிப்பது மற்றொன்று. கட்டி முடித்த கப்பலின் பொறிகளையும் சுக்கானையும் கடலில் ஆள்வது மூன்றாவது. இம்மூன்றிலும் செலவின் இயல்பு வேறு. பயனின் இயல்பும் வேறு. இவற்றை ஒன்றாகக் கலந்து கணக்கிடுவதே பல தவறுகளுக்குக் காரணம் என்பது பின்வரும் எடுத்துக்காட்டுகளால் விளங்கும்.

போர்ட்ஸ்மத் கப்பித் தொழிலகம்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பாய்களை ஏற்றவும் இறக்கவும் பீரங்கிகளை இழுத்து நிறுத்தவும் மரக் கப்பிகள் தேவைப்பட்டன. 74 பீரங்கிகள் தாங்கிய ஒரு போர்க்கப்பலுக்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் வேண்டும். பிரான்சுடன் போரிட்டுக்கொண்டிருந்த பிரித்தானியக் கப்பற்படைக்கு ஆண்டுதோறும் ஓரிலக்கம் கப்பிகள் தேவைப்பட்டன. அவற்றைத் தேர்ந்த கைவினைஞர்கள் பெரும்பாலும் கையாலேயே செய்து வந்தனர். கையால் செய்யப்பட்டவை அளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. சரியாகச் சுழலாத ஒரு கப்பி, புயல் நேரத்தில் ஒரு பாயையே சிக்க வைத்துவிடும்.

மார்க் இசம்பார்ட் புரூனல் என்னும் பொறியாளர் 1801ஆம் ஆண்டில் கப்பி செய்யும் பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றார். கப்பற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளராக விளங்கிய சாமுவேல் பெந்தம் அதன் அருமையை உணர்ந்து ஆதரித்தார். ஹென்றி மாட்ஸ்லி அப்பொறிகளை உலோகத்தால் உருவாக்கித் தந்தார். போர்ட்ஸ்மத் கப்பல் களத்தில் நிறுவப்பட்ட 45 பொறிகளும் நீராவி ஆற்றலால் இயங்கின. அறுப்பது, துளையிடுவது, குடைவது, உருட்டுவது என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொறி அமைந்தது. அளவு தொழிலாளியின் கைத்திறனைச் சார்ந்திராமல் பொறியின் அமைப்பிலேயே பொதிந்திருந்தது. இதுவே இதன் சிறப்பு.

1808ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் அங்கு உருவாயின. முன்பு 110 தேர்ந்த தொழிலாளர் செய்த பணியைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்தனர். ஓராண்டில் கிடைத்த சேமிப்பை அடிப்படையாகக் கொண்டு புரூனலுக்கு ஏறத்தாழ 17,000 பவுன் வழங்கப்பட்டது. அப்பொறிகளுட் சில நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டன.

இம்முயற்சி இத்துணைச் சிறப்பாக வென்றதற்குக் காரணங்கள் மூன்று. செய்யும் பொருள் எளியது. அதன் வடிவம் ஆண்டுக்காண்டு மாறாதது. தேவையோ மிகப் பெரியது. ஆதலால் முதலீடு பல இலக்கம் கப்பிகளின் மீது பகிர்ந்தளிக்கப்பட்டது. மேலும், முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. இம்மூன்று நிலைகளும் ஒருங்கே அமையுமிடத்தில் கட்டுப்பாட்டு முறை சிக்கனம் தரும் என்று உறுதியாகக் கூறலாம்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு வரி விடுபட்டுள்ளது. 110 பேர் செய்ததைப் 10 பேர் செய்தனர் என்றால், எஞ்சிய 100 கைவினைஞரின் வாழ்வு என்னவாயிற்று? அரசின் ஏட்டில் வரவாக எழுதப்பட்டது அவர்தம் இல்லங்களில் இழப்பாக எழுதப்பட்டிருக்கும். புரூனலும் வளமாக வாழ்ந்துவிடவில்லை. வேறு தொழில்களில் நட்டமடைந்து 1821ஆம் ஆண்டில் கடனுக்காகச் சிறை புகுந்தார். 5,000 பவுன் கொடுத்து அரசு அவரை மீட்டது.

சுக்கான் பிடிப்பவனிடம் கற்ற கணிதம்

கப்பல்கள் இரும்பாலும் எஃகாலும் பெருகியபோது சுக்கானைத் திருப்புவதே பெரும் உழைப்பாயிற்று. 1866ஆம் ஆண்டில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மாபெருங் கப்பலில் மக்ஃபார்லேன் கிரே அமைத்த நீராவிச் சுக்கான் பொறி, சக்கரத்தைத் திருப்பும் அளவுக்குச் சுக்கான் திரும்பியவுடன் தானே நின்றுவிடும் அமைப்பை உடையது. செயலின் விளைவே செயலை நிறுத்தும் இவ்வமைப்பைப் பின்னூட்டம் என்கிறோம்.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிக்கோலாஸ் மினோர்ஸ்கி. 1922ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுரை, இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் அடித்தளங்களுள் ஒன்று. தேர்ந்த மாலுமி ஒருவர் சுக்கானை எவ்வாறு பிடிக்கிறார் என்பதிலிருந்தே அவருடைய சிந்தனை தொடங்கியது. கப்பல் இப்போது எவ்வளவு விலகியுள்ளது என்பதை மட்டும் மாலுமி பார்ப்பதில்லை. காற்றும் நீரோட்டமும் இடைவிடாமல் ஒரு பக்கம் தள்ளுவதால் சிறுகச் சிறுகச் சேர்ந்த விலகலையும் அவர் கருதுகிறார். கப்பல் எவ்வளவு விரைவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதை உணர்ந்து, எல்லை தாண்டுமுன்னரே எதிர்த்திருப்பம் கொடுக்கிறார். நிகழ்காலம், கடந்த காலம், வருங்காலம் ஆகிய மூன்றும் அவர் கையில் ஒன்றுசேர்கின்றன. இம்மூன்றையும் மினோர்ஸ்கி கணிதச் சமன்பாடாக்கினார். இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் சிமெண்ட் ஆலைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஆளும் மும்மைக் கட்டுப்பாட்டு முறை இதுவேயாகும்.

1923ஆம் ஆண்டில் 'நியூ மெக்சிகோ' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் இம்முறை சோதிக்கப்பட்டது. எனினும் பணியாளரின் எதிர்ப்பினால் கப்பற்படை அதனை அப்போது ஏற்கவில்லை. அதே காலத்தில் எல்மர் ஸ்பெர்ரியின் தானியங்கிச் சுக்கான் வணிகக் கப்பல்களில் இடம்பெறத் தொடங்கியது. வேறுபாட்டின் காரணத்தை நாம் எளிதில் உணரலாம். சுக்கான் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நீரின் தடை கூடுகிறது. வளைந்து வளைந்து செல்லும் கப்பல் அதிக தூரம் ஓடுகிறது. நேர்வழியில் சென்றால் எரிபொருள் மிச்சம். இந்த மிச்சம் வணிகக் கப்பலின் உரிமையாளருக்கு ஒவ்வொரு பயணத்திலும் காசாகக் கையில் கிடைக்கிறது. போர்க்கப்பலுக்கோ பயன் என்பது வேறொன்று: ஆபத்து வேளையில் சொன்னபடி கேட்பது. ஒரே கருவி, இரு வேறு பயனாளருக்கு இரு வேறு மதிப்புடையதாகின்றது.

போலாரிசும் பெர்ட் முறையும்

இனித் திட்டக் கட்டுப்பாட்டை நோக்குவோம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்க அமெரிக்கக் கப்பற்படை 1955ஆம் ஆண்டில் தனி அலுவலகம் ஒன்றை நிறுவியது. வில்லியம் ராபர்ன் என்னும் கப்பற்படைத் தளபதி அதன் தலைவரானார். ஆயிரக்கணக்கான ஒப்பந்த நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பணியாற்ற வேண்டியிருந்தது. இப்பணிகளைக் கண்காணிக்க 1958ஆம் ஆண்டில் உருவானதே 'பெர்ட்' என்னும் வலைப்பின்னல் முறை.

இதன் உட்கருத்து எளியது. ஒவ்வொரு பணிக்கும் மூன்று கால மதிப்பீடுகள் கேட்கப்படும். எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை வாரம், வழக்கமாக எத்தனை வாரம், எல்லாம் தவறினால் எத்தனை வாரம் என்பவை அவை. நடுமதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க காலம் கிடைக்கும். 4, 6, 14 வாரங்கள் என்று மூன்று மதிப்பீடுகள் வந்தால், 24உடன் 4ஐயும் 14ஐயும் கூட்ட 42. அதனை ஆறால் வகுக்க 7 வாரம். பின்னர் எப்பணிக்கு முன் எப்பணி முடிய வேண்டும் என்று வலையாக வரைந்து, தொடக்கம் முதல் முடிவு வரை மிக நீண்ட பாதையைக் கண்டறிவர். அதுவே நெருக்கடிப் பாதை.

சிக்கனத்திற்கு இஃது எவ்வாறு உதவுகிறது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கப்பலின் உடற்பகுதி முடிய 30 வாரமும், அதில் பொருத்த வேண்டிய குழாய்கள் முடிய 22 வாரமும் ஆகும் எனக் கொள்வோம். கூடுதல் கூலி கொடுத்துக் குழாய்களை 18 வாரத்தில் முடித்தாலும் கப்பல் ஒரு நாள்கூட முன்னதாக முடியாது. அப்பணம் வீணே. எங்கே செலவிடக் கூடாது என்று சொல்வதே இம்முறையின் பெரும்பயன் எனலாம்.

போலாரிஸ் திட்டம் வியப்புறு வேகத்தில் வென்றது. கட்டப்பட்டுக்கொண்டிருந்த நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உடலை வெட்டி, இடையே ஏவுகணைப் பகுதியைச் சேர்த்து உருவாக்கப்பட்ட 'ஜார்ஜ் வாஷிங்டன்' 1959 டிசம்பர் 30இல் பணியில் சேர்ந்தது. 1960 ஜூலை 20இல் நீருக்கடியிலிருந்து ஏவுகணையை ஏவியது. உடனே பெர்ட் முறையின் புகழ் உலகெங்கும் பரவியது. பல்கலைக்கழகங்கள் அதனைப் பாடமாக்கின.

ஆனால் 1972ஆம் ஆண்டில் போலாரிஸ் திட்டத்தைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட ஹார்வி சபோல்ஸ்கி வேறொரு முடிவுக்கு வந்தார். பணிகளை விரைவுபடுத்தியதில் பெர்ட் முறையின் பங்கு சிறிது. திட்டம் திறமையாக நடைபெறுகிறது என்று வெளியாரை நம்பவைத்து, தலையீடுகளைத் தடுத்ததே அதன் பெரும்பயன் என்பது அவர் கருத்து. திட்டம் வென்றமைக்கு நாட்டின் முன்னுரிமை, தட்டுப்பாடற்ற பணம், திறமையாளர் குழு எனப் பல காரணங்கள் இருந்தன. வெற்றி பெற்ற இடத்தில் இருந்தது என்பதாலேயே ஒரு முறை வெற்றிக்குக் காரணமாகிவிடாது. கட்டுப்பாட்டு முறையின் பயனை மதிப்பிடுவோர் மறவாது நினைவிற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

யார்க்டவுன் தந்த பாடம்

ஒரு போர்க்கப்பலின் வாழ்நாள் முப்பது ஆண்டளவு எனக் கொண்டால், அதனைக் கட்டும் செலவைவிட வைத்து நடத்தும் செலவே மிகுதி. அச்செலவிலும் பணியாளருக்கு ஆகும் செலவே மிகப் பெரிய கூறு என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஆகவே ஆட்களைக் குறைக்கும் கருவிகளின்மீது கப்பற்படைகள் நாட்டம் கொண்டது இயல்பே.

1984ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்த 'யார்க்டவுன்' என்னும் குரூசர் வகைப் போர்க்கப்பல், 1996 முதல் 'அறிவார்ந்த கப்பல்' என்னும் திட்டத்தின் சோதனைக் களமாயிற்று. விண்டோஸ் என்.டி. 4.0 மென்பொருளில் இயங்கிய 27 கணிப்பொறிகள் கண்ணாடி இழை வழியே இணைக்கப்பட்டன. பொறிகள், எரிபொருள், சேதக் கட்டுப்பாடு, கப்பலின் வழி அனைத்தும் அவ்வலையின் கீழ் வந்தன. பணியாளரில் பத்து விழுக்காடு குறைவதால் ஆண்டுக்கு 28 இலட்சம் டாலர் மிச்சமாகும் என்று மதிப்பிடப்பட்டது.

1997 செப்டம்பர் 21ஆம் நாள் வர்ஜீனியாக் கரைக்கப்பால் அக்கப்பல் சென்றுகொண்டிருந்தபோது, பணியாளர் ஒருவர் தரவுப் பட்டியலின் ஒரு கட்டத்தில் சுழியத்தைப் பதிவு செய்தார். எந்த எண்ணையும் சுழியத்தால் வகுத்தல் இயலாது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். மென்பொருள் அதனை வகுக்க முயன்றது. அந்தப் பிழை ஒரு கணிப்பொறியோடு நில்லாமல் வலை முழுவதும் பரவியது. உந்துபொறிகள் நின்றன. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரம் அப்போர்க்கப்பல் கடலில் அசைவற்று நின்றது.

இதனைக் கேட்டு நகைப்பது எளிது. நகைப்பது நம் நோக்கமன்று. சோதனைக் கப்பலில், அமைதிக் காலத்தில், உயிரிழப்பின்றிக் கண்டறியப்பட்ட பிழை மலிவான பிழையே. பிழையைக் காண்பதற்கென்றே சோதனை நடத்தப்படுகிறது. ஆனால் இதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பழைய முறையில் ஒரு வால்வு பழுதானால் ஒரு வால்வு மட்டும் பழுதாகும். எல்லாவற்றையும் ஒரே வலையில் கோத்த பின்னர் ஒரு கட்டத்தில் நேரும் பிழை கப்பல் முழுவதையும் நிறுத்தவல்லது. தனித்தனியே நின்றபோது செலவு மிகுதி. ஆயின் அச்செலவுக்குள்ளே ஒரு பாதுகாப்பும் ஒளிந்திருந்தது.

ஆள்குறைப்பின் எல்லை

வணிகக் கப்பல்களில் தன்னியக்கம் பெரும்பயன் தந்துள்ளது என்பதில் ஐயமில்லை. 2006ஆம் ஆண்டில் வெள்ளோட்டம் கண்ட 'எம்மா மெர்ஸ்க்' என்னும் 397 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டகக் கப்பல் 13 பேரைக் கொண்டு இயங்க வல்லது. அதனினும் மிகச் சிறிய ஒரு நாசகாரிக் கப்பலில் முந்நூறு பேரளவில் இருப்பதைக் கண்டு, இத்தனை பேர் எதற்கு என்று கேட்பவர் உளர்.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 12இல் ஏடன் துறைமுகத்தில் குண்டுவெடிப்புக்கு ஆளான 'கோல்' என்னும் நாசகாரிக் கப்பல் இக்கேள்விக்கு விடை தருகிறது. 17 பேர் உயிரிழந்தனர். கப்பலின் பக்கத்தில் பெருந்துளை விழுந்து, மின்சாரம் அற்றுப்போன நிலையில், எஞ்சிய பணியாளர் இரவும் பகலும் நீரை இறைத்து, தடுப்புகள் அமைத்துக் கப்பலை மூழ்காமல் காத்தனர். பழுது நீக்கப்பட்ட அக்கப்பல் 2002ஆம் ஆண்டில் மீண்டும் கடல் சென்றது. அமைதிக் காலத்தில் மிகையாகத் தோன்றும் கைகள், ஆபத்துக் காலத்தில் கப்பலின் உயிராகின்றன. அவற்றுக்குச் செலவிடுவது காப்பீட்டுக்குச் செலுத்தும் தொகை போன்றதே.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. 2008ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்த 'ஃபிரீடம்' என்னும் கடலோரப் போர்க்கப்பல், தன்னியக்கத்தை நம்பி 40 பேர் கொண்ட அடிப்படைக் குழுவுக்கென வடிவமைக்கப்பட்டது. அவர்களுக்குப் பணிச்சுமை தாங்க முடியாததாகவே பின்னர் எண்ணிக்கை 50ஆக உயர்த்தப்பட்டது. கப்பலில் செய்ய ஆளில்லாத பராமரிப்பு வேலைகள் கரையிலுள்ள ஒப்பந்தக்காரரிடம் சென்றன. செலவு மறையவில்லை, ஏட்டின் வேறு பக்கத்திற்கு மாறியது. 25 ஆண்டுகள் உழைக்க வேண்டிய அக்கப்பல் 2021ஆம் ஆண்டிலேயே, 13 ஆண்டுகள் நிறையுமுன், பணியிலிருந்து நீக்கப்பட்டது.

மூன்று நிமிடங்கள்

இனி நாம் கூறப்போவது துயரமான செய்தி. 2017 ஆகஸ்டு 21ஆம் நாள் விடியற்காலையில் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பல் சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்தது. உலகிலேயே கப்பல் நெரிசல் மிக்க கடற்பகுதிகளுள் அஃது ஒன்று. அக்கப்பலில் சுக்கானும் வேகமும் தொடுதிரை வழியே ஆளப்பட்டன. எந்த மேடையிலிருந்து வேண்டுமானாலும் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவ்வமைப்பின் பெருமை.

சுக்கானையும் வேகத்தையும் ஒருங்கே கவனிக்க ஒரு மாலுமி இடர்ப்படுவதைக் கண்ட கப்பல் தலைவர், வேகத்தை மட்டும் அடுத்த மேடையிலிருப்பவரிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். திரையில் அம்மாற்றத்தைச் செய்தபோது சுக்கானின் கட்டுப்பாடும் சேர்ந்தே மாறிவிட்டது. அதனை ஒருவரும் உணரவில்லை. சுக்கான் நடுநிலைக்குத் திரும்பியது. கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. சுக்கான் இயங்கவில்லை என்று மாலுமி கூவினார். உண்மையில் சுக்கானுக்கு ஒரு பழுதுமில்லை. அது வேறொருவர் திரையில் இருந்தது. வேகத்தைக் குறைக்க முயன்றபோது இரு உந்துதண்டுகளின் வேகப்பிடிகளும் இணைக்கப்படாதிருந்தமையால் இடப்பக்கத்து வேகம் மட்டுமே குறைந்தது. அதனால் கப்பல் இன்னும் விரைந்து இடப்பக்கம் திரும்பி, 'அல்நிக்' என்னும் எண்ணெய்க் கப்பலின் பாதையில் குறுக்கிட்டது. குழப்பம் தொடங்கியதிலிருந்து மோதல் வரை ஏறத்தாழ மூன்றே நிமிடங்கள். நீர்மட்டத்திற்குக் கீழிருந்த உறங்கும் அறைகளில் கடல் புகுந்தது. பத்து மாலுமிகள் மாண்டனர். 48 பேர் காயமுற்றனர். எஞ்சியோரின் அயரா முயற்சியால் கப்பல் மூழ்காமல் அன்றே கரை சேர்ந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. போதிய மேற்பார்வையின்மையும், அதன் விளைவான பயிற்சிக் குறைவும் முதற்காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரு மேடையிலிருப்பவர் அறியாமலே கட்டுப்பாடு கைமாற இடந்தந்த இயக்கநிலையும் துணைக்காரணமாயிற்று. மேடையிலிருந்தோருள் சிலர் வேறு வகைச் சுக்கான் மேடை கொண்ட கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். பலர் முந்திய நாளில் ஐந்து மணிநேரத்திற்கும் குறைவாகவே உறங்கியிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, தம் நாசகாரிக் கப்பல்களில் தொடுதிரை வேகக்கட்டுப்பாட்டை நீக்கிக் கையால் பிடிக்கும் வேகப்பிடிகளை மீண்டும் பொருத்தப்போவதாகக் கப்பற்படை அறிவித்தது.

மெக்கெய்ன் கப்பலுக்கு நேர்ந்த சேதம் பத்துக் கோடி டாலருக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. யார்க்டவுன் கப்பலில் எதிர்பார்க்கப்பட்ட ஆண்டுச் சேமிப்பு 28 இலட்சம் டாலர் என முன்னர்க் கண்டோம். கப்பல்கள் வேறு, கருவிகள் வேறு எனினும், அளவை உணர்வதற்காக ஒப்பிட்டுப் பார்ப்போம். மூன்று நிமிடத்தில் அழிந்த பொருள், அவ்வகைச் சேமிப்பின் ஏறத்தாழ 36 ஆண்டுத் தொகைக்கு ஈடாகும். பத்து உயிர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அவற்றைச் சேர்க்கும் கணக்கு எவரிடமும் இல்லை.

கணக்கிடும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கட்டுப்பாட்டு முறையின் பயன்மதிப்பை அளக்கச் சில நெறிகள் கிடைக்கின்றன.

முதலாவது, வாங்கும் விலையை மட்டும் பாராமல் வாழ்நாட் செலவு முழுவதையும் பார்த்தல் வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்குவோம். ஒரு கட்டுப்பாட்டு முறையின் விலை 100 அலகு. ஆட்குறைப்பால் ஆண்டுக்கு 20 அலகு மிச்சம் எனக் கொள்வோம். ஐந்தாண்டில் முதல் திரும்பிவிடும் என்று விற்பனையாளர் கூறுவார். ஆனால் அம்முறையை ஆளும் பயிற்சிக்கு ஆண்டுக்கு 6 அலகும், உதிரி உறுப்புகளுக்கும் மென்பொருள் திருத்தத்திற்கும் 5 அலகும் ஆகுமாயின், நிகர மிச்சம் 9 அலகே. முதல் திரும்பப் பதினோராண்டுக்கு மேலாகும். கப்பலின் உடல் முப்பதாண்டு நிலைக்கும். மின்னணுக் கருவிகளோ பத்தாண்டுக்குள் பழமையாகி, உதிரி உறுப்பும் கிடைக்காமற் போகலாம். பத்தாவது ஆண்டில் புதியது வாங்க நேர்ந்தால், 100 அலகு போட்டு 90 அலகு எடுத்தவராவோம்.

இரண்டாவது, மிச்சம் உண்மையில் மிச்சமா, அல்லது வேறு தலைப்பிற்கு மாறிய செலவா என்று காணுதல் வேண்டும்.

மூன்றாவது, பயிற்சிக்கான செலவைக் கருவியின் விலையிலிருந்து பிரித்தல் ஆகாது. பயிற்சியைக் குறைத்து ஈட்டும் மிச்சம் கடனாக வாங்கிய பணம் போன்றது. அது வட்டியோடு ஒருநாள் திரும்பக் கேட்கப்படும்.

நான்காவது, கருவி தவறும்போது என்ன நிகழும் என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். ஓரிடத்துப் பிழை ஓரிடத்தோடு நிற்குமா, எங்கும் பரவுமா? கையால் இயக்கும் மாற்றுவழி உண்டா? அவ்வழி மாலுமிக்குப் பழக்கமானதா? இவற்றுக்கு விடையில்லாத முறை மலிவாயினும் விலை மிகுந்ததே.

ஐந்தாவது, எண்ணிக்கையைக் கருதுதல் வேண்டும். இலக்கக்கணக்கில் ஒரேவகைக் கப்பி செய்த போர்ட்ஸ்மத் தொழிலகத்திற்குப் பொருந்திய நியாயம், ஒன்றிரண்டே கட்டப்படும் கப்பலுக்கு அப்படியே பொருந்தாது.

முடிவுரை

கட்டுப்பாட்டு முறைகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. மினோர்ஸ்கியின் சமன்பாடின்றி இன்றைய ஆலையொன்றும் இயங்காது. புரூனலின் பொறிகளின்றி அன்றைய கப்பல்கள் பாய் விரித்திரா. கருவி குறைவுடையதன்று, கருவியின் விலையை நாம் எழுதும் கணக்கே குறைவுடையது. எளிதில் எண்ணத்தக்கதை எண்ணி, எண்ணுதற்கரியதை விட்டுவிடுகிறோம். ஆட்சம்பளம் எண்ணத்தக்கது, ஆகவே அதனைக் குறைத்தவுடன் சிக்கனம் என்கிறோம். அனுபவமும் விழிப்பும் உறக்கமும் எண்ணுதற்கரியன. ஆகவே அவற்றை இழந்தபோது இழப்பு என்று எழுதுவதில்லை.

பொதுமக்களின் பணமும் பணியாளரின் உயிரும் பொறுப்பாளர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அளவையும் நிறுவையும் நேராக இருத்தல் வேண்டும் என்று வலியுறுத்தும் மார்க்கம் நம் மார்க்கம். அந்தத் தராசின் ஒரு தட்டில் மட்டும் எடைக்கல்லை வைத்து நிறுப்பது நேர்மையான நிறுவையாகாது. நூஹ் நபி (அலை) அவர்கள் இறைவன் அறிவித்தபடி கப்பல் கட்டிய வரலாற்றைத் திருமறை கூறுகிறது. அக்கப்பல் உயிர்களைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. கப்பல் கட்டும் எக்காலத்துப் பொறியாளரும் மறக்கலாகாத முதற்பாடம் இதுவேயாகும்.

மாலுமி என்னும் சொல்லுக்கு மூலம் முஅல்லிம் என்று தொடக்கத்தில் கண்டோம். கடலில் வழி காட்டுபவரைக் கற்பிப்பவர் என்றே நம் முன்னோர் அழைத்தனர். சுக்கானைத் திரைக்கு மாற்றலாம். வேகத்தைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். ஆனால் கற்றுக்கொடுக்கும் கடமையை எப்பொறியிடமும் ஒப்படைக்க இயலாது. அக்கடமைக்குச் செலவிடும் பொருளே கப்பற்படைத் திட்டங்களில் மிகச் சிறந்த சிக்கனம் என்பது நம் துணிபு.